மூன்று விரல் கிளி

அறுபது வயது ஆண்பிள்ளை கடைக்குப் போய் நெயில் பாலிஷ் கேட்டால் கடைக்காரர் ஒரு தினுசாகத்தான் பார்ப்பார். செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் முதல்முறை கேட்டபோது, "வீட்ல அம்மாவுக்கா சார்?" என்றார். "இல்லப்பா, எனக்குத்தான். ரெண்டு பாட்டில் குடு, செகப்பு" என்றேன். அந்தச் செய்தி அன்று சாயங்காலத்துக்குள் பாண்டிச்சேரியைத் தாண்டிவிட்டது. சரி, பாண்டிச்சேரி என்பது கொஞ்சம் அதிகம். அடுத்த தெரு வரைக்கும் போனது நிச்சயம்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள், வக்கீலம்மா. அதனால்தான் நெயில் பாலிஷில் தொடங்குகிறேன். அது இல்லாவிட்டால் எனக்கு இந்தக் கதையில் இடமே கிடையாது.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. பாலிடெக்னிக் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் வொர்க்‌ஷாப் வாத்தியாராக இருந்துவிட்டு 2004 மே மாதம் ஓய்வு பெற்றேன். சந்தன மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரம் பத்தே நாளில் நின்றது. அதற்கப்புறம் எனக்கு நேரம் போவது தெரியவில்லை, போகவும் இல்லை.

கத்தியில் படம் போடுவதை நானே கண்டுபிடித்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு பழைய புத்தகத்தில் படித்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வேலை சுலபம். கத்தியின் அலகு முழுக்க நெயில் பாலிஷ் பூசிக் காயவிட வேண்டும். காய்ந்ததும் கோணூசியால் படத்தைக் கீறினால், கீறிய இடத்தில் மட்டும் இரும்பு தெரியும். பழைய ஸ்கூட்டர் பேட்டரியின் ஒரு வயரைக் கத்தியில் மாட்டி, இன்னொரு வயரின் முனையில் பஞ்சைச் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து ஒற்ற வேண்டும். சுருசுருவென்று கறுப்பு நுரை கிளம்பும். கரண்டு இரும்பைத் தின்னும் சத்தம் அது. பாலிஷ் உள்ள இடத்தைத் தொடாது, திறந்த இடத்தை விடாது. பிறகு பாலிஷைத் துடைத்தால் படம் அலகில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது.

வாழைப்பூ, மாங்கொத்து, மயில், தேர்ச்சக்கரம், என்னவெல்லாமோ போட்டேன். கைப்பிடியை ஒட்டி ஒரு சின்ன நண்டு வரைவேன். அது என் முத்திரை. ஒரு கட்டத்தில் கடலூர் மாவட்டத்தில் பாதி வீடுகளில் என் நண்டு இருந்தது. மொத்தம் அறுபத்திரண்டு கத்திகள் என்று நோட்டில் இருக்கிறது. நீங்கள் எந்தக் கணக்கை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு உண்டு. "தட்சிணா நாலு சொன்னா ரெண்ட எடுத்துக்க." பையன்களுக்குக்கூடத் தெரியும். லேத்தில் என் சட்டை மாட்டிக்கொண்டு என்னை மூன்று சுற்று சுற்றியது என்று நான் சொன்னால், "ஒன்றரை சுத்து சார்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். நான் கோபப்பட்டதில்லை. சும்மா இருக்கும் விஷயத்துக்குக் கொஞ்சம் பூ வைத்துக் கொடுப்பது என் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் முப்பத்திரண்டு வருஷமும் நான் பேசியதையெல்லாம் பாதி கழித்தே கேட்டார்கள் என்பது ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கத்தி வாங்க வருகிறவர்கள் கழிக்கவில்லை. "இந்தப் படம் உங்களுக்கு மட்டும்தான். ஒலகத்துல ஒண்ணே ஒண்ணு. கையால கீறனது, மறுபடி என்னாலயே போட முடியாது" என்பேன். அவர்கள் முகம் மலரும். கத்தியைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்குவார்கள்.

சார்லஸ் அப்படித்தான் வாங்கினான். செம்மண்டலம் முனையில் தள்ளுவண்டியில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த சார்லஸ்தான், உங்கள் கட்சிக்காரன். 2006-இல் அவனுக்கு ஒரு கிளி போட்டுக் கொடுத்தேன். பலாப்பழத்தைக் கொத்துகிற கிளி. அதன் வால் கத்தி முனை வரைக்கும் நீளும். பலா வெட்டுகிறவன் அலகில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளக்கும்போது, அந்தக் கிளி பளபளவென்று பழத்துக்குள் போய்வரும். அதைப் பார்ப்பதற்காகவே வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நான்கூட நிற்பேன்.

அந்தக் கிளிக்கு ஒரு குறை இருந்தது. இடது காலில் நான்கு விரல் இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தது. கீறும்போது குக்கர் விசிலடித்து என் கை ஒரு இழை தவறியது. சார்லஸ் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான்.

"சார், கிளிக்கு ஒரு வெரலக் காணோம்."

"சண்டையில போச்சிடா."

"எந்தச் சண்ட சார்?"

"கருடனோட போட்ட சண்ட. கருடனுக்கு ஒரு கண்ணே போச்சி."

அவன் அவ்வளவு சிரித்தான். என் வேலையில் ஒரு பிசிறு இருந்தாலும் சொல்லிவிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

2007 ஜூன் மாதம், நல்ல பலா சீசன். காடாம்புலியூர் சடையப்பன் சிதம்பரத்தில் பழ மண்டி வைத்திருந்தார். அவர் தங்கை வீட்டுக்காரர் செந்தமிழ்செல்வன் அதில் கூட்டு. சார்லஸ் அவர்களிடம்தான் பழம் எடுப்பான். அந்த வாரம் எடுத்த பழம் அத்தனையும் உள்ளே அழுகல். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறிப் போய் மண்டி வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறான். "பழம் மட்டுமில்ல, ஒன்னையும் பொளந்து பாத்தா உள்ள அழுகல்தான் இருக்கும்" என்று அவன் கத்தியதைப் பதினைந்து பேர் கேட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மண்டி வெறிச்சோடியபோது யாரோ சடையப்பனைக் குத்திவிட்டார்கள். கத்தி வைக்கோலில் கிடந்தது. அதில் கிளி இருந்தது, நண்டும் இருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்தார். என் வாழ்க்கையில் ஒரு ஜீப் என் வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை. தெருவே கூடிவிட்டது. நாற்காலி போட்டேன், காப்பி கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையில் இருந்த கத்தியை டீப்பாய் மேல் வைத்தார்.

"இது நீங்க பண்ணதா சார்?"

"நண்டு இருக்குல்ல. அப்ப நான்தான்."

"சார்லசுன்னு ஒருத்தன். பலாப்பழ வண்டி. அவனுக்குக் கிளி போட்டுக் குடுத்தீங்களாமே."

"ஆமா சார். பிரமாதமான கிளி."

"இதே மாதிரி இன்னும் எத்தன பேருக்குப் போட்டீங்க?"

"ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை, வக்கீலம்மா. அறுபது பேரிடம் சொல்லிச் சொல்லி வாயில் பழகிய வார்த்தை. யாராவது கிளியைக் காட்டினால் நாக்கு தானாகச் சொல்லும். இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். பாதி கழிக்கவில்லை. அப்படியே எழுதினார்.

அப்போது சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயம் என் மனைவி பட்டம்மாள் கையில் இருந்ததும் கிளிக்கத்திதான். குக்கர் விசிலடித்துக் கை தவறியது அந்தக் கத்தியில்தான். அதுதான் முதல் கிளி. கையால் கீறியது அது ஒன்றே. ஆறு கத்தி போட்டதற்குள் என் விரல்கள் மரத்துவிட்டன, என்ன செய்வது. பைக்கில் நம்பர் எழுதுகிற லூர்துசாமியின் ஸ்டிக்கர் கடைக்குப் போய், படத்தைக் காட்டிக் கம்ப்யூட்டரில் வெட்டி வாங்கிவிட்டேன். நெயில் பாலிஷுக்குப் பதில் ஸ்டிக்கரை ஒட்டி ஒற்றினால் ஐந்து நிமிஷத்தில் கிளி தயார். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், மூன்று விரலைப் பார்த்தது, மூன்று விரலாகவே வெட்டியது. ஒரு படத்தை ஒரே ஊரில் இரண்டு பேருக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வேன். கம்மாபுரத்தில் கொடுத்த மயிலைப் பண்ருட்டிப் பக்கம் காட்டமாட்டேன். கிளியைக் கடலூரில் சார்லசுக்குக் கொடுத்தேன். சிதம்பரத்தில் இன்னொருவருக்குக் கொடுத்தேன்.

ஆக மூன்று கிளிகள். இன்ஸ்பெக்டர் போன பிறகு பட்டம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னீங்களே."

"வழக்கமா சொல்றதுதான்."

"அவுரு வழக்கமா கேக்கறவுரா?" என்றாள். பிறகு கத்தியைக் கழுவி, துடைத்து, அடுப்படி மேல்தட்டில் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு அரிவாள்மனையை எடுத்துக்கொண்டாள்.

நான் ஸ்டேஷனுக்குப் போய்த் திருத்திச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சட்டை மாட்டினேன், செருப்புப் போட்டேன், தெருமுனை வரைக்கும் போனேன். கடைக்காரர் எழுந்து நின்று, "சார், போலீசே ஒங்களக் கேட்டுத்தான் கேச நடத்துதாமே" என்றார். நெயில் பாலிஷ் கேட்டபோது ஒரு தினுசாகப் பார்த்த அதே மனிதர். டீக்கடையில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். நான் என்ன செய்யட்டும். அரைமணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார்.

"சார்லசு வேற மாதிரி சொல்றான். படம் மங்கிப் போச்சின்னு ஞாயித்துக்கெழம ஒங்ககிட்டக் கத்தியக் குடுத்தானாம். மறுபடி போடறதுக்கு. பச்சத் துண்டுல சுத்திக் குடுத்தேங்கறான். குடுத்தானா?"

"இல்லையே" என்றேன்.

பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. பச்சைத் துண்டு பீரோவில் இரண்டாம் தட்டில், பென்ஷன் காகிதங்களுக்கு அடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சார்லஸ் அதைக் கொடுத்து, நான் பீரோவில் வைக்கிறதைப் பார்த்துவிட்டு, "சீசனு சார், சீக்கிரம் குடுங்க. அதுவரைக்கும் எரவல் கத்தியிலதான் வெட்டணும், கை நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் நிலைமையைப் பாருங்கள். ஆமாம் என்று சொன்னால் பீரோவைத் திறக்க வேண்டும். திறந்தால் டீப்பாய் மேல் ஒரு கிளி, கையில் ஒரு கிளி. ஒண்ணே ஒண்ணு எங்கே போகும். முதல் வார்த்தை இரண்டாவது வார்த்தையைத் தானே இழுத்துக்கொண்டு வந்தது. நான் அதன் பின்னால் போனேன், அவ்வளவுதான். தண்டவாளத்தில் ஏறிய வண்டியை யாரும் குற்றம் சொல்வதில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சார்லசின் கத்தி என் பீரோவில் இருக்கிறது, பட்டம்மாளின் கத்தி மேல்தட்டில் இருக்கிறது என்றால், வைக்கோலில் கிடந்தது யாருடையது என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். இதில் மிகை எதுவும் இல்லை. குத்தியவனுக்கும் தெரியும், ஆக இரண்டு பேர்.

அந்த இரண்டாவது ஆள் ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் என் வீட்டுக்கு வந்தார். செந்தமிழ்செல்வன். கிளி வாங்கின நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். மச்சான் செத்த துக்கத்துக்கு மொட்டை போட்டு, முடி பாதி வளர்ந்திருந்தது. உட்கார்ந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பயந்த முகமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கோபித்துக்கொண்ட முகம்.

"மாமா, எனக்கு மட்டுந்தான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"பேப்பர்ல சார்லசு கத்தின்னு போட்டிருக்கான். கிளி போட்ட கத்தியாம். அப்ப அவனுக்கும் போட்டீங்களா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அத்தனை மாதத்தில் நான் வெட்கப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

"ஒங் கத்தி எங்க செல்வம்?"

"தொலஞ்சி போச்சி."

"எங்க தொலஞ்சிச்சி?"

"எங்கன்னு தெரிஞ்சா அது தொலஞ்சதாவுமா மாமா."

பிறகு அவரே தொடங்கினார். "ஆயுத பூஜ வருது. மண்டி சாமான் அத்தனையும் எங்கம்மா வரிசையா எடுத்து வைக்கும். தராசு, படிக்கல்லு, கத்தி, எல்லாத்துக்கும் அதுவே பொட்டு வைக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் உடாது. கிளிக்கத்தி எங்கடான்னு கேக்கும். நாலு பேரு நிப்பாங்க. நான் இன்னா சொல்றது?"

"வேற படம் போட்டுத் தரட்டுமா?"

"அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும் மாமா. வெரலக்கூட எண்ணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ரெண்டு போட்டத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நம்புங்க" என்றார்.

என் ரகசியத்தைக் காப்பாற்றுவதாக அவர் எனக்கு வாக்குக் கொடுத்தார். நெகிழ்ந்துபோனேன் என்றால் நம்புவீர்களா தெரியவில்லை. சார்லஸ் என்னை நம்பிக் கத்தியைக் கொடுத்தான், இவர் என்னை நம்பி எதையும் கேட்காமல் வாக்கைக் கொடுக்கிறார். நான் பீரோவைத் திறந்தேன். புதிதாக ஒன்று கையால் போட மூன்று நாள் ஆகும், ஸ்டிக்கர் வெட்ட லூர்துசாமி கடைக்குப் போனால் ஏன் எதற்கு என்பார். சார்லசின் கத்தியில் மங்கியிருந்த இடத்தைப் பேட்டரி வைத்து அங்கேயே பத்து நிமிஷத்தில் கறுப்பாக்கி, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி அவரிடம் கொடுத்தேன். பச்சைத் துண்டை மடித்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டேன். அடுத்தவர் துண்டை எடுத்துக் கொடுப்பது முறையில்லை.

அந்த வருஷம் செல்வத்தின் அம்மா ரத்தினம்மாள் வைத்த வரிசையில் சார்லசின் கத்தி சந்தனமும் குங்குமமுமாக இருந்திருக்கும். ஒன்றும் குறையவில்லை.

கேஸ் மறு வருஷம் சிதம்பரத்தில் வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கூண்டில் ஏறி நின்றதும் பக்கத்தில் ஒரு அம்மாள் டைப் அடிக்க உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வாக்கியம் சொல்கிறேன், தட்டெழுத்துச் சத்தம் கேட்கிறது. நான் நிறுத்தினால் சத்தமும் நிற்கிறது. முப்பத்திரண்டு வருஷத்தில் என் பேச்சு அப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "இதே கிளியை நீங்களே இன்னொரு கத்தியில் வரைந்திருக்கலாமே?" நான் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். "ஐயா, இடது கால் விரலை எண்ணிப் பாருங்கள். மூன்று. இது என் கை தவறிய இடம். நான் கிளியை ஆயிரம் தடவை வரைவேன். ஆனால் தவறை ஒரு மனுஷன் ஒரே மாதிரி இரண்டு தடவை செய்ய முடியாது" என்றேன்.

ஒரு போலீஸ்காரர் தலையை ஆட்டினார். தட்டெழுத்து ஓடி முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அந்த வாக்கியத்தை நானே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன நல்ல வாக்கியம் அது.

சார்லஸ் கூச்சல் போடவில்லை. கைதிக் கூண்டிலிருந்து சாதாரணமாகத்தான் கேட்டான். "சார், பீரோல பாருங்க சார். பச்சத் துண்டு. மறந்திருப்பீங்க." நீதிபதி அவனைப் பேசக் கூடாது என்றார். அவனுக்கு ஆயுள் தண்டனை.

அதற்கப்புறம் மாதம் ஒருமுறை அவன் மனைவி வெண்மதி ஜெயிலில் அவனைப் பார்த்துவிட்டு வரும் வழியில் எங்கள் வீட்டுக்கு வருவாள். உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டாள், கேட்டுக்குப் பக்கத்தில் படியில் உட்காருவாள். சண்டைக்கு வந்ததில்லை. "சார், வயசானா மறக்கும். எங்கப்பாவும் அப்படித்தான். பொறுமையா ஒரு தடவ தேடிப் பாருங்க சார். அவரு பொய் சொல்ல மாட்டாரு" என்பாள். வயசானவன் என்று சொன்னது எனக்குச் சற்று வருத்தம்தான். ஆனாலும் அவள் எதிரிலேயே எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து எல்லாத் தட்டையும் தேடிக் காட்டினேன். ஒரு தடவை இல்லை, ஆறேழு தடவை. "இல்லம்மா" என்று நான் சொன்னபோது அது முழு உண்மை. கத்தி அங்கே இல்லை.

சீசனில் வந்தால் ஒரு டப்பாவில் சுளை கொண்டுவருவாள். அவர்கள் வீட்டு மரம். சுளை தேனாக இருக்கும். பட்டம்மாள் ஒன்றுகூடத் தொடமாட்டாள்.

2009-இல் பட்டம்மாள் சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் மகள் ரேகா வீட்டுக்குப் போனாள். கால்வலி, அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார் என்றாள். மூன்று வருஷம் ஆகிறது, கால் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது. போனில் ரேகாதான் பேசுகிறாள். பட்டம்மாள் போகும்போது என்னென்ன எடுத்துப் போனாள் என்று நான் பார்க்கவில்லை.

போன டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு மரம் நிற்கவில்லை. சார்லஸ் வீட்டுப் பலாவும் சாய்ந்துவிட்டது என்று வெண்மதி சொன்னாள். லூர்துசாமியின் கடைக்கூரை பறந்து, கம்ப்யூட்டர் தண்ணீரில் ஊறிப்போனது. கிளி வெட்டிய கணக்கு அதில்தான் இருந்தது. கேட்டதும் எனக்கு ஏதோ பாரம் இறங்கினாற்போல இருந்தது, ஏன் என்று யோசிக்கவில்லை. ஒரு மாதம் கரண்டு இல்லை. இருட்டில் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும். உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கயல்விழி என்று பெயர் சொல்லி, சார்லஸ் அப்பீலுக்கு நான்தான் வக்கீல் என்றீர்கள். பையிலிருந்து பச்சைத் துண்டை எடுத்துப் பிரித்து டீப்பாய் மேல் வைத்தீர்கள். உள்ளே பட்டம்மாளின் கத்தி. இடது காலில் மூன்று விரல்.

"இது ஒங்க வீட்டு அம்மா குடுத்தது சார். துண்ட வெண்மதி அடையாளம் சொல்லிட்டாங்க. ஆனா இது மட்டும் பத்தாது. இத நீங்க அப்புறமா போட்டதுன்னு சொல்லிடுவாங்க. ஒங்க வாயால வரணும்" என்றீர்கள்.

"சொல்றேம்மா" என்றேன். தயங்கவில்லை. அதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

"பேச்சு வேணாம் சார், எழுத்துல குடுங்க. ரெண்டு பக்கம் போதும். அழகெல்லாம் பாக்காதீங்க. அடுத்த வியாழக்கெழம கேஸ் வருது. அதுக்குள்ள கைக்கு வரணும், இத விட்டா அவருக்கு வேற வழி இல்ல" என்றீர்கள்.

ஆக, எழுதிவிட்டேன். சார்லஸ் சடையப்பனைக் குத்தவில்லை. குத்திய கத்தி செந்தமிழ்செல்வனுடையது. சார்லசின் கத்தி அன்றைக்கு என் பீரோவில் இருந்தது. எனக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்துதான் கூண்டில் ஏறினேன். இதில் நீங்கள் பாதி கழிக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கோர்ட்டுக்குப் போகிற காகிதம், அதில் அடித்தல் திருத்தல் இருந்தால் நன்றாக இருக்காது. முதல் நகலில் மார்ஜின் கோணலாகிவிட்டது. இரண்டாவதில் மை பரவியது. மூன்றாவதில் சுற்றிலும் ஒரு கரை போட்டேன், முந்திரிக்கொத்தும் இலையுமாக. ஒரு பக்கம் வந்தது, மறுபக்கம் ஒட்டவில்லை. இது ஏழாவது நகல். வியாழக்கிழமை காலை உங்கள் போன் ஒன்பது தடவை அடித்தது. கையில் பேனா இருந்தது, மூலையில் படம் பாதியில் நின்றது, எடுக்க முடியாத நிலைமை. சாயங்காலம் வெண்மதி வந்து படியில் உட்கார்ந்தாள். இருட்டும் வரை இருந்துவிட்டுப் போனாள். அது போன வாரம்.

ஆனால் காத்திருந்தது வீண் போகவில்லை, வக்கீலம்மா. இதைக் கட்டாயம் சார்லசிடம் காட்டுங்கள், அவனுக்கு என் வேலை என்றால் உயிர். கடைசிப் பக்கத்தின் மூலையில், கையெழுத்துக்கு விட்ட இடத்தில் கிளியைப் போட்டிருக்கிறேன், விரலை எண்ணச் சொல்லுங்கள். இந்தத் தடவை நான்கும் சரியாக வந்திருக்கிறது.